காப்புக் கட்டிய குதிரை எந்திரம்

1987ஆம் வருசம் மலாய் நாட்டுத் தெலுக் பங்லிமா காராங்கில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு பிள்ளையைச் சுமந்தார்கள். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. அந்த வருசம் தேங்காய் விலை இறங்கியது, கம்பெனி பஸ்ஸுக்குப் புது சீட்டு தைத்துப் போட்டார்கள், கிள்ளான் சாலையில் கால்வாய்ப் பாலத்துக்கு விளக்கு வந்தது, பிள்ளையும் பிறந்தது. ஊர் இவற்றை இந்த வரிசையில்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஐந்து பேரும் வேலை பார்த்தது சூதாட்ட எந்திரம் செய்கிற கம்பெனியில். பயப்பட வேண்டாம், அங்கே யாரும் சூதாடவில்லை. செய்து கப்பல் ஏற்றுவதோடு சரி. அதுவரைக்கும் வந்தவை எல்லாம் ஒற்றையாள் எந்திரங்கள். ஒரு ஆள், ஒரு கைப்பிடி. பக்கத்தில் இருக்கிறவன் இருந்தானா செத்தானா என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. 86இல் வந்த புது எந்திரம் அப்படியில்லை. வட்டமாக, ஒரு குடும்பம் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை மாதிரி இருந்தது. சுற்றி ஐந்து இருக்கை, நடுவில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஐந்து தகரக் குதிரை. ஐந்து பேரும் பொத்தானை அழுத்தினால்தான் குதிரை கிளம்பும். ஐந்து பேர் போடுகிற பித்தளை வில்லையும் நடுவில் ஒரே கிண்ணத்தில் விழும். கிண்ணத்துக்கு அடியில் எந்திரத்தின் மூளை இருந்தது. விழுந்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, யார் யாருக்கு எவ்வளவு என்று அது பிரித்துக் கொடுக்கும். யாராவது பாதியில் எழுந்து போனால், திரும்பி வரும் வரைக்கும் குதிரைகள் ஒரு காலைத் தூக்கியபடி காத்து நிற்கும்.

இப்படிப்பட்ட எந்திரத்தை ஒருத்தியே உட்கார்ந்து சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் ஐந்து பேரைச் சோதனை வேலைக்குப் போட்டார்கள். பூமணி மூத்தவள், நாற்பது வயது, புருசன் தவறிப்போய்விட்டார், பிள்ளை இல்லை, வாய் மட்டும் உண்டு. பக்கத்து இருக்கை ரமணி. கம்பெனி லோரி ஓட்டுகிற தம்புசாமியின் பெண்சாதி. அடுத்து மார்க்கிரட், கல்யாணம் ஆகாதவள், மாதா கோயிலில் பாடுகிறவள். அடுத்து ஊருக்குள்ளேயே இருக்கும் மலாய்க் குடியிருப்பான கம்பத்திலிருந்து வரும் ரொக்கியா, இரண்டு பிள்ளைக்காரி. கடைசியாக ஜெஞ்சாரோமிலிருந்து வந்து இந்த ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்த சீனத்தி ஆ மோய்; தமிழில் முதலில் திட்டக் கற்றுக்கொண்டு, பிறகு மற்றதையும் கற்றுக்கொண்டவள். இவர்களுக்கு மேலாளர் யோகநாதன், பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து மனுசர். எவ்வளவு வெயிலடித்தாலும் கழுத்து டையைத் தளர்த்த மாட்டார்.

தவறு நடந்தது ஆயுத பூசையன்று. யோகநாதன் அனுமதி வாங்கி, எந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஆப்பிளும் அவலும் படைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஐந்து இருக்கையிலிருந்தும் வரும் கம்பிகள் அவிழ்ந்து தொங்கின. கட்டுவதற்குப் பிளாஸ்டிக் கட்டு தீர்ந்துபோயிருந்தது. பூமணியின் கைப்பையில் மாரியம்மன் கோயிலில் வாங்கிய மஞ்சள் நூல் இருந்தது. அவள் என்ன ஏது என்று யோசிக்காமல் அந்த நூலால் ஐந்து கம்பியையும் தனித்தனியாக முடிந்து, நடுவில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டாள். மஞ்சள் நூலைக் கையில் எடுத்தால் வாய் சும்மா இருக்குமா? “தாயே, நல்லபடியா முடியணும். முடிஞ்ச பிறகு அவுக்கிறேன்” என்றாள். என்ன முடியணும் என்று சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது. ஆக, அது காப்பு ஆகிவிட்டது. எதற்குக் கட்டிய காப்பு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது, காப்புக்கும் தெரியாது.

வேண்டுதல் இல்லாத காப்பு வேலையில்லாத பிள்ளை மாதிரி, கைக்குக் கிடைத்ததை எல்லாம் எடுத்து விளையாடும். அடுத்த வாரமே மார்க்கிரட்டின் பல்வலி நடுக்கிண்ணத்தில் விழுந்து ஐந்தாகப் பிரிந்தது. ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வலித்ததால் யாருமே பல் டாக்டரிடம் போகவில்லை. ஆ மோய் மிளகாய்ச் சம்பல் தின்றால் மற்ற நாலு பேருக்கும் வியர்த்தது. ரொக்கியா தன் சின்னப் பிள்ளையை நினைத்துச் சிரித்தால், எதற்கென்று தெரியாமல் ஐந்து பேரும் சிரித்தார்கள். யோகநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “என்ன பிள்ளையள், ஒருத்திக்குக் கொட்டாவி வந்தா அஞ்சு பேரும் வாயைத் திறக்கிறியள்? இது சோதனையோ, கூத்தோ?” என்று கேட்டார். “மெஷின் நல்லா ஷேர் பண்ணுது சார், அதத்தானே பார்க்கச் சொன்னீங்க” என்றாள் பூமணி.

ரமணிக்கு அதற்கு முன்னால் மூன்று கரு தங்காமல் போயிருந்தது. நாலாவது உண்டானபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எந்திரத்துக்குத் தெரிந்த பிறகு மறைக்க முடியுமா? ஒரு காலையில் ஐந்து பேரும் வரிசையாகப் போய் வாந்தி எடுத்தார்கள். ஆ மோய் வாயைத் துடைத்துக்கொண்டு, “யாரு? யாரு வேலை இது? கைய தூக்கு லா!” என்று கத்தினாள். ரமணி மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவள் சந்தோசப்படவில்லை, பயப்படுகிறாள் என்பது மற்ற நாலு பேருக்கும் புரிந்தது. அந்தப் பயமும் பங்கு பிரிந்து வந்து சேர்ந்திருந்தது.

தைப்பூசம் முடிந்த வாரம், வேலை நேரத்தில், ரமணி கழிப்பறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “அக்கா, இதுவும் போயிரும் போலிருக்குக்கா” என்றாள், பஸ்ஸைத் தவறவிட்டவள் சொல்வது போல. எஸ்டேட் கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள், அவள் உடம்புக்கு அந்தப் பாரம் தாங்காது என்று. பூமணி அவளை இருக்கையில் உட்கார வைத்தாள். மற்ற மூவரையும் அவரவர் இடத்தில் உட்காரச் சொன்னாள். எந்திரத்தின் அடிப்பலகையைத் திறந்து, கட்டின நாளிலிருந்து தொடாத மஞ்சள் நூலைப் பிடித்துக்கொண்டு, “தாயே, எதுக்குன்னு சொல்லாம கட்டிப்புட்டேன், என் புத்தி அப்படி. இப்ப சொல்றேன். இதுக்குத்தான். இந்தப் பிள்ளை நல்லபடியா வெளிய வரணும். வந்த பிறகுதான் அவுப்பேன்” என்றாள். குதிரைகள் கூண்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்து நின்றன. யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

அன்றைக்கு ரமணிக்கு இரத்தப் போக்கு நின்றது. மற்ற நாலு பேரும் வீட்டுக்குப் போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வயிறு ஒருத்திக்கும் பெரிதாகத் தெரியவில்லை. சாமான் நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தால் ஐந்து பேருக்கும் ஒரே அளவாக எடை ஏறியிருந்தது. கிளினிக் நர்ஸ், எல்லாருக்கும் மிஸ்ஸி, ரமணியின் வயிற்றில் காதுக்குழாயை வைத்தால், பக்கத்து வீட்டு வானொலி மாதிரி சன்னமாகத்தான் துடிப்புக் கேட்டது. ஐந்து பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றால் கணீரென்று கேட்டது. அந்த மிஸ்ஸி இருபது வருசமாக எஸ்டேட்டில் எத்தனையோ பார்த்தவள். “அடுத்த மாசத்திலிருந்து அஞ்சு பேரும் சேர்ந்தே வாங்க, தனித்தனியா வந்து என் நேரத்தக் கெடுக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

பிள்ளை சில நாள் ஆ மோய் பக்கம் உதைத்தது, சில நாள் ரொக்கியா பக்கம். மார்க்கிரட்டின் அம்மா மட்டும், கல்யாணமாகாத மகள் மாங்காய் கேட்கிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பூமணி போய் விசயத்தை எடுத்துச் சொன்னாள். அந்த அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “அஞ்சுல ஒன்னுதானே? அப்ப பாதர்கிட்ட சொல்ல வேண்டியதில்ல” என்று மாங்காய் நறுக்கப் போனாள். நோன்பு மாதம் வந்தபோது ரொக்கியா தங்கள் கம்பத்து மத ஆசிரியர் உஸ்தாஸிடம் கேட்டாள், பிள்ளையின் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கிறவள் நோன்பு வைக்கலாமா என்று. நல்ல மனுசர், தாடியைத் தடவி, நாலு நாள் வை, அஞ்சாம் நாள் விட்டுவிடு, விட்டதைப் பிறகு வைத்து நேர் செய் என்றார். அவள் நோன்பு வைத்த நாளில் மற்ற நாலு பேரும் மறைவாக ஒரு வாய் அதிகமாகத் தின்றார்கள், பிள்ளைக்குப் பங்கு குறையக் கூடாதென்று. ஏழாம் மாதம் வளைகாப்பு, ஐந்து பேருக்கும் கை நிறைய கண்ணாடி வளையல். எந்திரத்தின் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் கேட்டது.

காப்புக்கு ஒரு சட்டம் உண்டு, எல்லாருக்கும் தெரிந்ததுதான். கட்டியவர்கள் அவிழ்க்கும் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பூமணி அதை நினைக்காமல், ஈப்போவில் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஊர் எல்லையான கால்வாய்ப் பாலத்தடியில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்தான், டிரைவர் இறங்கிப் பார்த்தார், ஒன்றும் கெடவில்லை. பாலத்தைப் பார்த்ததும் பூமணிக்குக் காப்பு ஞாபகம் வந்தது. பிறகு, “நான் இறங்கிக்கிறேன்யா, உங்க பஸ் போகும்” என்றாள். அவள் கால் தரையில் பட்டதும் பஸ் கிளம்பிவிட்டது. கல்யாணத்துக்கு வாங்கிய குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு அவள் பாலத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த அழுகை ஐந்தாகப் பிரிந்ததால் சீக்கிரம் தீர்ந்துபோனது.

எந்திரத்துக்கும் அதே சட்டம்தான். ஆனியில் அதைக் கப்பலேற்ற உத்தரவு வந்தது. தம்புசாமி லோரியில் ஏற்றிக்கொண்டு போனான்; பாலத்தடியில் லோரி நின்றது. பெண்சாதிக்காக நடிக்கிறான் என்று வேறு டிரைவரை அனுப்பினார்கள், அவனுக்கும் நின்றது. இழுத்துப்போக வந்த லோரியும் நின்றது. இரண்டையும் திருப்பினதும் இரண்டும் ஓடின. இதைக் கேட்டு, எந்திரத்தை வடிவமைத்த வெள்ளைக்கார எஞ்சினியர் நேரிலேயே வந்துவிட்டார். பலகையைத் திறந்தார், மஞ்சள் நூலைப் பார்த்தார், யாரும் வாய் திறப்பதற்குள் மார்க்கிரட் பக்கத்து முடிச்சை கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டினார். மார்க்கிரட்டுக்குத் தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ரமணி சத்தமில்லாமல் இருக்கையிலிருந்து சரிந்தாள், உதடு கறுத்துவிட்டது. பூமணி எஞ்சினியரை இடித்துத் தள்ளிக்கொண்டு குனிந்து, அறுந்த நூலை மறுபடி முடிந்தாள். மார்க்கிரட் “அம்மா” என்று இடுப்பைப் பிடித்தாள். ரமணிக்கு மூச்சு வந்தது.

எஞ்சினியர் முகம் சிவந்து நிற்க, யோகநாதன் டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். இந்த ஊர் ஈரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டு இற்றுப்போகும், மஞ்சள் பூசிய நூலுக்கு எறும்பு வராது, எறும்பு ஏறித்தானே போன வருசம் அத்தனை எந்திரம் பாழாய்ப்போனது என்று சுத்தமான இங்கிலீஷில் விளக்கினார். எஞ்சினியருக்கு அது நியாயமாகப் பட்டது. சோதனை முடிய இன்னும் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, “ஆடியில முடியும்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஆகஸ்ட் என்று திருத்திக்கொண்டார். எஞ்சினியர் போன பிறகு பூமணியிடம் மெல்ல, “நான் ஒண்டும் காணேல்லை பிள்ளை. ஆனா ஆகஸ்டுக்கு மேல என்னாலயும் ஏலாது” என்றார்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை டீ நேரத்தில் ரமணிக்குப் பனிக்குடம் உடைந்தது. ஐந்து நாற்காலிக்கு அடியிலும் தரை நனைந்தது. ஓடி வந்த கிளினிக் மிஸ்ஸி தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்றாள். கிள்ளானுக்குப் போக அந்தப் பாலத்தைத்தான் தாண்ட வேண்டும். தம்புசாமி லோரிச் சாவியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். யோகநாதன் கத்தரிக்கோலை எடுத்துப் பூமணியின் கையில் கொடுத்தார். “அறுத்தா வண்டி போகும். முழுப் பாரமும் ரமணி மேல விழும். அறுக்காட்டி பாலம் விடாது. கட்டினது நீங்கள், நீங்கள்தான் சொல்லவேணும்.”

பூமணி கத்தரிக்கோலைப் பிடித்தாள். ஒரு முடிச்சு அறுந்ததற்கே ரமணியின் உதடு கறுத்ததை அவள் பார்த்தவள். கையை நூலிடம் கொண்டுபோனாள், வலி ஒரு சுற்று வந்து ஐந்து பேரையும் வளைத்தது, கையை எடுத்துவிட்டாள். அப்போது ஆ மோய் மேசையைப் பிடித்துக் குனிந்தபடியே கேட்டாள்: “பூமணி, போன வருசம் உங்க சாமி தேர்ல ஏறி ஜெஞ்சாரோம்ல எங்க அண்ணன் கடை வரைக்கும் வந்திச்சே. காப்பு கட்டின ஆளுங்களும் கூடவே வந்தாங்களே. அப்ப எல்லை எங்க இருந்திச்சு?”

பூமணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “தேரோட வந்தா அது எல்லை தாண்டுறது இல்லடி” என்றாள் மெதுவாக. “சாமி எங்க இருக்கோ அங்கதான் எல்லை.”

“அப்புறம் என்ன லா! மெஷினையும் ஏத்து, நாமளும் ஏறு!”

மெஷின் தனியாகப் போனபோது நின்றது, ஆள் தனியாகப் போனபோது நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதுவரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை. எந்திரத்தைத் தூக்கி லோரியில் வைத்தார்கள். ஐந்து பேரும் அவரவர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். வெயிலுக்கு மேலே ஒரு சிவப்புக் கூடாரத்துணியை இழுத்துக் கட்டினார்கள். பாலத்தடியில் கண்ணை மூடிக்கொண்டதாகத் தம்புசாமி பிறகு ஒத்துக்கொண்டான். லோரி வெண்ணெயில் கத்தி போன மாதிரி போனது. வழி நெடுக சனங்கள் அதை ஆடித் திருவிழாத் தேர் என்றே நினைத்தார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார், ஒரு பெண் குடத்துத் தண்ணீரைச் சாலையில் ஊற்றினாள். ரொக்கியா கூச்சத்தோடு தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்ணாடிக் கூண்டுக்குள் குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. மின்சாரம் இல்லை, அதைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் ரமணியை மட்டும் உள்ளே கொண்டுபோனார்கள். லோரியைப் பிரசவ வார்டு சன்னலுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினார்கள். நாலு பேரும் இருக்கையைவிட்டு எழவில்லை. உள்ளே டாக்டர் பிள்ளையைத் திருப்பத் திருப்ப, வெளியே நாலு பேரும் பல்லைக் கடித்தார்கள். பூமணி பிள்ளை பெறாதவள். ஊரில் எத்தனை சீமந்தத்தில் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பார்கள். ஐந்தில் ஒரு பங்கே இப்படியென்றால் முழுசும் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வலி வந்தபோது, நினைக்கவும் நேரமில்லாமல், தொண்டை கிழியக் கத்தினாள். கத்தி முடித்தபோது சன்னலுக்கு உள்ளேயிருந்து வேறொரு குரல் கத்தியது. ஐந்து குதிரைகளும் ஒரே நேரத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டன. ஐந்து விளக்கும் எரிந்தன. யாரும் போடாத பித்தளை வில்லைகள் ஐந்து தட்டிலும் நிறைந்து லோரிப் பலகையில் உருண்டன. பெண் பிள்ளை. தாய்க்குக் குறையொன்றும் இல்லை.

பின்னாலேயே டாட்சன் காரில் வந்த யோகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். “துறைமுகம் பக்கத்திலதான் பிள்ளை. கப்பல் நிக்காது. அவிழ்த்துவிடுங்கோ” என்றார். பூமணி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். ஆ மோய் நிமிர்ந்து உட்கார்ந்தாள், ரொக்கியா மூச்சு விட்டாள், மார்க்கிரட் அழுதாள். தன் முடிச்சையும் அவிழ்த்தபோது பூமணிக்கு வயிறு காலியாகிப் போனது. அது ஆறுதலாக இல்லை. ரமணி பக்கத்து முடிச்சு ஒன்றுதான் பாக்கி; ஐந்தையும் நடுவில் சேர்த்ததும் அதுதான். அதில் கை வைத்து, சன்னலைப் பார்த்தாள். “இது இருக்கட்டும்” என்று சொல்லிப் பலகையை மூடிவிட்டாள். யோகநாதன் தூங்குமூஞ்சி மரத்தில் ஏதோ பறவையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

ஒரு முடிச்சு பாக்கியிருக்கிறதே, எல்லை என்னாகும் என்று கொஞ்ச நாள் பயந்தார்கள். பயந்துகொண்டே மார்க்கிரட் பாலத்தைத் தாண்டிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. பூமணிதான் காரணம் சொன்னாள்: முடிச்சோடு எந்திரம் கடல் தாண்டிப் போயிருக்கிறது, எல்லையும் கூடவே அவ்வளவு தூரம் போயிருக்கும், இனி எங்கே போனாலும் உள்ளேதான். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புகார் வந்ததென்று யோகநாதன் சொன்னார். அந்த எந்திரத்தைச் சுற்றி உட்காருகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், கொஞ்ச நேரத்தில் ஒருவரை ஒருவர் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்களாம். ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் எழுந்து சாப்பிடப் போய்விடுகிறார்களாம். பழுதென்று திருப்பி அனுப்ப, அவர்களுக்கு மனசு வரவில்லையாம்.

பிள்ளைக்கு மாரியாயி என்று பெயர் வைத்தார்கள், அந்தக் காலத்தில் ஒருத்தரும் வைக்காத பெயர். 98இல் காசு நெருக்கடி வந்து கம்பெனியை மூடினார்கள். ரொக்கியா ஷா ஆலமில் மகனோடு போய் இருந்தாள், மார்க்கிரட் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனாள், ஆ மோய் ஜெஞ்சாரோமில் தன் அண்ணன் கடையில் உட்கார்ந்தாள், பூமணி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றாள். ஒரு நாள் காலை பசியாறி முடித்துக் கை கழுவின பிறகும் பூமணிக்கு வயிறு கிள்ளியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஓய்வு மணி அடிக்கிற நேரம். “பிள்ளை சாப்பிடல போல” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, மூன்று இட்லியைச் சாம்பார் ஊற்றி உட்கார்ந்து தின்றாள். முதலாளிக்கு அது பழகிவிட்டது.

அன்று மத்தியானம் தெலுக் பங்லிமா காராங்கில் ரமணி போட்ட சோறு மாரியாயிக்கு இறங்கவில்லை.

“பள்ளிக்கூடத்துல என்னடி தின்ன?”

“ஒன்னும் தின்னலம்மா. சாப்பாட்டு டப்பாவ மறந்து வச்சிட்டுப் போயிட்டேன்.”

ரமணி மகளின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள். சாம்பார் வாசம் வந்தது, கொஞ்சம் ரொக்கியாவின் நாசி லெமாக் தேங்காய்ச் சோறு, மார்க்கிரட் வீட்டு மீன் பொரியல், எல்லாவற்றுக்கும் மேலே சீனக் கடைப் பாவ் ரொட்டி. “இந்த ஆ மோய்க்கு ஒரு பாவ் தின்னா போதாது, எப்பவும் ரெண்டு” என்று சொல்லிவிட்டு, சோற்றை அப்படியே பானையில் போட்டு மூடினாள், சாயங்காலத்துக்கு ஆகும் என்று.